மகளை யூதக் கோடை முகாமுக்கு அனுப்பலாமா? போன் கூட கிடையாதாம்

காவேரிக்கரை:
நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். கணவர் யூதர், எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். மகளுக்குப் பத்து வயது. வீட்டில் பொங்கலும் உண்டு, ஹனுக்காவும் உண்டு. இந்தக் கோடைக்கு அவளை முகாமுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார். அவரும் சின்ன வயதில் போனவர்தான், இன்றைக்கும் அவருக்கு நெருங்கின தோழிகள் அங்கே கிடைத்தவர்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என்னை விட்டு ஓர் இரவு கூடத் தனியாகப் படுத்ததில்லை, சாப்பாட்டில் சைவம் வேறு. அதைவிடப் பெரிய பயம், அம்மா யூதராக இல்லாவிட்டால் பிள்ளையையும் யூதராக ஏற்கமாட்டார்கள் என்கிறார்களே, அங்கே யாராவது அவளைப் பார்த்து "நீ பாதிதானே" என்று கேட்டுவிட்டால்? அனுப்பியவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாஸ்டன் அப்பா:
கடைசிக் கேள்விக்கு முதலில். முகாமை நடத்துவது எந்த யூதப் பிரிவு என்று பாருங்கள். ரிஃபார்ம் பிரிவு 1983லேயே தீர்மானம் போட்டுவிட்டது, அப்பா மட்டும் யூதராக இருந்து பிள்ளையை அந்த வழியில் வளர்த்தால் போதும். கன்சர்வேடிவ், ஆர்த்தடாக்ஸ் பிரிவுகளில் இன்னும் அம்மா வழிதான் கணக்கு. ராமா முகாம்கள் கன்சர்வேடிவ் இயக்கத்தைச் சேர்ந்தவை, 1947ல் விஸ்கான்சினில் ஆரம்பித்தவை. ரிஃபார்ம் இயக்கத்தின் முதல் முகாமும் அதே மாநிலத்தில்தான், 1952ல். உங்கள் மாமியார் சொல்வது எது என்று கேட்டுக்கொண்டு, முகாம் இயக்குநரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள், மகள் போய் இறங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது. எங்கள் வீடும் உங்களுடையது மாதிரிதான். என் மகன் தங்கிய கேபினில் இரண்டு மதத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள், அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம், முதல் தடவை போகிற பிள்ளைகளுக்கு 'ஒன் ஹாப்பி கேம்பர்' என்று ஓர் உதவித்தொகை உண்டு, 1000 டாலர் வரை கிடைக்கலாம், விசாரியுங்கள்.

ஏரிக்கரை கவுன்சிலர்:
அக்கா, நான் யூதர் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது பென்சில்வேனியாவில் இப்படி ஒரு முகாமில் நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். வீட்டு நினைப்பு பகலில் வரவே வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு நேரம் என்று எல்லாரையும் கட்டிலில் படுக்கச் சொல்வார்கள் பாருங்கள், அப்போதும் ராத்திரி விளக்கு அணைத்த பிறகும்தான் அழுகை. அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காருவது கேபினில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பத்தொன்பது, இருபது வயது கவுன்சிலர், அவளும் சின்னப் பிள்ளையாக இதே முகாமில் அழுதவளாகத்தான் இருப்பாள். அம்மா சமாதானம் சொல்வதை விட அது சீக்கிரம் பலிக்கிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மறக்கவே முடியாதது வெள்ளிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள் அன்று சாயங்காலம்தான் தொடங்கும். சாயங்காலம் கேபினைப் பெருக்கி, குளித்து, எல்லாரும் வெள்ளை உடையில் ஏரிக்கரைக்கு நடப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் தட்டித் தட்டிப் பாட்டு. முதல் வாரம் வாயே திறக்காத ஒரு பையன், கடைசி வெள்ளிக்கிழமை பெஞ்சு மேல் ஏறி நின்று பாட்டை எடுத்துக்கொடுத்தான். சனி இரவு ஹவ்தாலா, அந்த ஓய்வுநாளை முடித்துவைக்கும் சடங்கு, வட்டமாகத் தோளில் கை போட்டு நிற்பார்கள், பின்னல் போட்ட மெழுகுவத்தியைக் கொளுத்தி, வாசனைப் பெட்டியைக் கைமாற்றி முகர்வார்கள், உள்ளே இருப்பது நம் கிராம்பும் பட்டையும்தான். உங்கள் மகளுக்கு அந்த வாசனை புதிதாக இருக்காது.

சாப்பாட்டில் ஒன்று கவனியுங்கள். கோஷர் சமையலில், அதாவது யூத உணவு விதிப்படி சமைப்பதில், பாலையும் இறைச்சியையும் சேர்க்கமாட்டார்கள், அதனால் பால் சாப்பாட்டு வேளையில் இறைச்சி இருக்காது. ஆனால் மீன் அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது, பால் வேளையிலும் வரும். "சைவம்" என்று மட்டும் எழுதாமல் மீனும் கூடாது, முட்டை வேண்டாமென்றால் முட்டையும் கூடாது என்று விவரமாக எழுதிக்கொடுங்கள்.

டொராண்டோ சுமதி:
நான் சொல்வது கடிதம் பற்றி. முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறைகளைப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். முதல் கடிதம் "என்னை உடனே கூட்டிக்கொண்டு போ" என்றுதான் வரும். பயப்படாதீர்கள், அது உங்கள் கைக்கு வரும்போது அவள் அதை மறந்திருப்பாள். "பிடிக்கவில்லை என்றால் வந்து அழைத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு எந்த விளையாட்டிலும் மனசு வைக்கமாட்டார்கள். முகாம் நடத்துபவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

இன்னொன்று, கோடை நடுவில் திஷா பாவ் வரும், எருசலேம் ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் நாள். அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து மங்கிய வெளிச்சத்தில் புலம்பல் வாசிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது, ஆனாலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் பெண் அதைப் பற்றித் திரும்பி வந்து கேட்ட கேள்விகளுக்கு அவள் அப்பா உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் அப்படிப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காவேரிக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரிடம் கேட்டேன், ரிஃபார்ம் முகாம்தான். மீன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. முதல் வருஷம் இரண்டு வாரம் மட்டும் அனுப்பலாமா, நாலு வாரமேவா?

ஏரிக்கரை கவுன்சிலர்:
இரண்டு வாரம் போதும் அக்கா. அடுத்த வருஷம் எத்தனை வாரம் என்பதை அவளே சொல்வாள்.