யாழ்ப்பாணத்துக் காற்றுக்கு எந்தத் தட்டுகள்? – டிஸ்க் கோல்ஃப் அனுபவப் பகிர்வு

வணக்கம் உறவுகளே.

தட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் இலக்கை அடையும் விளையாட்டான டிஸ்க் கோல்ஃப் ஆடப் புறப்படும்போது எந்தத் தட்டுகளைப் பையில் வைப்பது என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாடுகளில் இதற்குச் சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் மேடும் காடும் நிறைந்த களங்களுக்குப் பொருந்துபவை. பதினைந்து, இருபது தட்டுகளைத் தோளில் சுமந்து சென்று, ஒன்று தொலைந்தால் மறுநாளே கடையில் வாங்கிக்கொள்ளக்கூடிய ஊர்களுக்குப் பொருந்துபவை. யாழ்ப்பாணத்தில் நிலம் தட்டையானது, கடல் எந்தத் திசையிலும் தொலைவில் இல்லை, ஆண்டின் பெரும்பகுதியில் காற்று ஓய்வதில்லை. தொலைந்த தட்டுக்குப் பதிலாக இன்னொன்று வேண்டுமென்றால் ரொறன்ரோவிலிருந்தோ ஒஸ்லோவிலிருந்தோ உறவினர் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அன்றைய காற்று எது, தட்டு தொலையக்கூடிய இடம் எது என்ற இரண்டையும் பார்த்துத்தான் நான் பையை நிரப்புகிறேன். எவ்வளவு தூரம் எறியலாம் என்பதை அதற்குப் பின்னரே யோசிக்கிறேன்.

வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்புறமாக வீசி) எறியும் தட்டு, வேகம் மிகுந்திருக்கும்போது வலப்புறம் திரும்ப முனையும். வேகம் தணிந்ததும் இடப்புறம் சாய்ந்து இறங்கும். தட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் முதலாவது அது நன்றாகப் பறப்பதற்குத் தேவையான வேகத்தையும், இரண்டாவது மிதக்கும் தன்மையையும், மூன்றாவது தொடக்கத்தில் வரும் வலப்புறத் திருப்பத்தையும் (-1ஐ விட -3 கூடுதலாகத் திரும்பும்), நான்காவது இறுதியில் வரும் இடப்புறச் சாய்வையும் குறிக்கின்றன. இன்னோவா நிறுவனம் வகுத்த இந்த முறையை வேறு பல நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. ஆனால் இந்த எண்கள் காற்றில்லாத வேளைக்கு உரியவை. எதிர்க்காற்றில் தட்டின்மீது மோதும் காற்றின் வேகம் கூடிவிடுவதால் வலப்புறத் திருப்பம் மிகுந்துவிடும். பின்காற்றில் அது குறைந்துவிடுவதால் மிதப்பு போதாமல் தட்டு விரைவிலேயே சாய்ந்து இறங்கிவிடும்.

சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வல்லை வெளியில் தென்மேற்கு நோக்கி எறிந்தவர்களுக்கு இது கண்கூடு. அமைதியான மாலைப்பொழுதில் நேராகச் சென்று மெதுவாக இறங்கும் லெப்பர்ட் என்ற தட்டு ஒன்றை (6, 5, -2, 1) என் மச்சான் அங்கே எறிந்தார். தட்டு கையை விட்ட சிறிது தூரத்திலேயே எழும்பி, வலப்புறமாகக் கவிழ்ந்து, நாங்கள் நினைத்தும் பார்க்காத திசையில் நீர்க்கரை வரை உருண்டு போனது. அதே வீச்சில், அதே உயரத்தில் அவர் அடுத்ததாக எறிந்த ஃபயர்பேர்ட் (9, 3, 0, 4) ஏறத்தாழ நேராகச் சென்று, கடைசியில் மட்டும் இடப்புறம் ஒதுங்கி விழுந்தது. காற்றில்லாத நாளில் அதே ஃபயர்பேர்ட் பாதி வழியிலேயே இடப்புறம் வளைந்துவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். சோளக காலத்தில் என் பையில் சாய்வு 3 அல்லது 4 உள்ள தட்டுகளே முன்னிற்கின்றன. திருப்பம் -2, -3 உள்ளவற்றில் ஒன்றே ஒன்றை, பின்காற்றில் திரும்பி எறிய வேண்டிய இலக்குகளுக்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பக்கக்காற்றுக்கு எண்கள் அவ்வளவாக உதவுவதில்லை. தட்டின் அடிப்பக்கம் காற்றுக்குத் தெரியும்படி சாய்ந்தால் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். மேற்பக்கம் தெரியும்படி சாய்ந்தால் நிலத்தோடு அழுத்திவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களை ஏந்தி நிற்கும் வாடைக்காற்று குறுக்கே வீசும் நாளில், மிதப்பு 5 உள்ள தட்டைவிட மிதப்பு 3 உள்ள ஒன்றை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பெரிதாக மிதக்காத தட்டைக் காற்றும் பெரிதாகத் தூக்கிச் செல்வதில்லை. எடையும் இதில் சேரும். விதிப்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராம் என்பதே எடையின் உச்ச எல்லை. டிரைவர் எனப்படும் நெடுந்தூரத் தட்டுகளில் பெரும்பாலானவற்றின் விட்டம் 21 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் என்பதால் அவற்றின் எடை 175 கிராமை ஒட்டி நின்றுவிடுகிறது. காற்று நாள்களுக்கு அந்த எல்லையை நெருங்கிய எடையையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அன்போடு கொண்டுவந்து தருவது பெரும்பாலும் டெஸ்ட்ரோயர் போன்ற வேகம் 12 உள்ள டிரைவர்களே. அவற்றை நான் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். அந்த வேகத்துக்குக் கையை வீச இயலாதவர் எறியும்போது அத்தகைய தட்டு, வேகம் 7 உள்ள டீபேர்டைவிடக் குறைந்த தூரத்திலேயே இடப்புறம் விழுந்துவிடுகிறது.

இலக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விளையாட்டின் வழமையான இலக்கான சங்கிலிக் கூடை எங்களிடம் இல்லை. பனைமரத்தையோ நட்டுவைத்த கம்பத்தையோ இலக்காகக் கொள்கிறோம், வீட்டு வளவில் சிறுவர்கள் கடகத்துக்குள் எறிந்து பழகுகிறார்கள். இதில் குறையொன்றும் இல்லை. எட் ஹெட்ரிக் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்த முதலாவது நிரந்தரக் களத்திலும் தொடக்கத்தில் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. சங்கிலிக் கூடை அதற்குப் பின்னரே வந்தது. ஆனால் பனையில் படும் தட்டு தெறித்து எங்கோ போய்விடும் என்பதால், இலக்குக்கு அருகிலிருந்து எறியும் பட்டர் வகைத் தட்டைக் கடினமான பிளாஸ்ரிக்கில் வைத்துக்கொள்ளாமல், கையால் மடித்தால் வளைந்துகொடுக்கும் மென்மையான வகையில் வைத்துக்கொள்கிறேன்.

நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு சீவல் தொழிலாளி. அராலிப் பக்கத்துப் பனங்கூடலில் எறிந்த செம்மஞ்சள் நிற மிட்ரேஞ்ச் (நடுத்தூரத் தட்டு) ஒன்று கண்முன்னே மறைந்துபோனது. விதியில் தேடுவதற்குக் கிடைப்பது மூன்று நிமிடங்கள். நாங்கள் அதற்கு மேலும் வடலிகளுக்குள் கருக்குமட்டை கீறக் கீறத் தேடிவிட்டு, தண்டனை வீச்சு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு நகர்ந்தோம். மறுநாள் காலை அவர் அதைப் பனை வட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து தந்தார். “தம்பி, மேல இருந்து பாத்தாலும் உந்தக் கலர் காவோலையோட காவோலையாத்தான் கிடக்குது” என்றார். அன்றிலிருந்து பனங்கூடலுக்கு வான்நீலமும் கடும் இளஞ்சிவப்பும் மட்டுமே எடுத்துச் செல்கிறேன். மாரி பெய்து புல் எழும்பிய பின்னர் பச்சைத் தட்டையும், மணற்பாங்கான இடங்களில் வெள்ளைத் தட்டையும் வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

முற்றவெளியில் மாலை நேரம் எறிவதாக இருந்தால் பட்டர்களைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். நடப்பவர்களும் பந்து விளையாடும் பிள்ளைகளும் நிறைந்த இடம் அது. வேகமான டிரைவரின் கூரிய விளிம்பு ஒரு பிள்ளையின் முகத்தில் பட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டர்களால் மட்டும் ஆடும் சுற்று கைப்பழக்கத்துக்கும் மிக நல்லது.

நெல்லியடியிலிருந்து ஓர் ஆசிரியை

அண்ணா, காற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சோளக காலத்தில் சாய்வு மிகுந்த, எடை கூடிய தட்டுகளே வேண்டும் என்பது கை வலுவுள்ளவர்களுக்கே பொருந்தும். நான் பாடசாலைப் பிள்ளைகளோடு, பெரும்பாலும் பெண்பிள்ளைகளோடு, எறிகிறேன். அவர்களுடைய கையில் ஃபயர்பேர்டைக் கொடுத்தால், எதிர்க்காற்றிலும் அது சிறிது தூரம் போய் இடப்புறம் விழுந்துவிடுகிறது. இரண்டு, மூன்று முறை அப்படி நடந்தால் பிள்ளை தனக்கு இந்த விளையாட்டு வராது என்று முடிவு செய்துவிடுகிறாள். 150 கிராம் அளவிலான லெப்பர்டைக் கொடுத்து, தோளுயரத்துக்கு மேலே போகாமல் தாழ எறியச் சொன்னால், அதே காற்றில் அது ஓரளவு நேராகவே போகிறது. ஏனென்றால் தட்டைக் கவிழ்ப்பது காற்று மட்டுமன்று. எறிபவரின் வேகமும் அதனோடு சேர்ந்தே கவிழ்க்கிறது. மெதுவாக எறிபவருக்குக் கவிழும் தட்டு அவ்வளவு ஆபத்தானதன்று.

விளிம்பின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். வேகம் கூடக் கூட விளிம்பு அகலமாகும். அனுமதிக்கப்பட்ட உச்ச அகலம் 2.6 சென்ரிமீற்றர். சிறிய கைகளால் அந்த அகலத்தை இறுகப் பிடிக்க முடியாது, பிடிக்க முடியாதபோது தட்டு சுழலாது, சுழலாத தட்டு எந்த எண்ணையும் மதிக்காது. பிள்ளைகளுக்கு வேகம் 7க்கு மேற்பட்ட எதையும் நான் கொடுப்பதில்லை.

நாங்கள் அடிக்கடி போவது மணற்காட்டுப் பக்கம். சவுக்கு மரங்களுக்கிடையே காற்று பெருமளவு தணிந்துவிடுகிறது. வழியோ மிக ஒடுக்கமானது. பஸ் (Buzzz) என்ற தட்டைப் போல நேராகப் போகும் மிட்ரேஞ்ச் (5, 4, -1, 1) ஒன்றும் பட்டர் ஒன்றும் இருந்தால் அங்கே முழுச் சுற்றையும் ஆடிவிடலாம். மரங்களை விட்டு மணற்குன்றுகளுக்கு வெளியே வந்தால் கதை மாறிவிடும். கல்லுப்பூமியில் நிலத்தைத் தொட்டபின் வழுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போகும் தட்டு, மணலில் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இறங்கியபின் வழுக்கிப் போகட்டும் என்று கணக்கிட்டுக் கொண்டுபோகும் தட்டுகளால் அங்கே பயனில்லை. தேவையான தூரத்தை வானிலேயே கடந்துவிடும் மிதப்பு மிகுந்த தட்டு வேண்டும். கல்லுப்பூமியில் இன்னொன்றையும் கண்டிருக்கிறேன். விலை குறைந்த டீஎக்ஸ் பிளாஸ்ரிக் தட்டுகளின் விளிம்பு அங்கே விரைவில் தேய்ந்து, புதிதாக இருந்ததைவிட வலப்புறம் அதிகமாகத் திரும்பத் தொடங்குகிறது. சம்பியன் வகைப் பிளாஸ்ரிக் நெடுநாள் மாறாமல் இருக்கிறது. தேய்ந்ததைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்; பிள்ளைகளுக்கு அதுவே மிகவும் உகந்தது.

மாரி காலத்தில் வலிகாமத்துச் செம்மண்ணில் எறிபவர்கள் இரண்டு துவாய்களை எடுத்துச் செல்லுங்கள். ஒன்று மண்ணைத் துடைக்க, மற்றது கையைத் துடைக்க.

ஒஸ்லோவிலிருந்து

ரீச்சருக்கும் அண்ணாவுக்கும் வணக்கம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும்போதெல்லாம் சில தட்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருபவன் நான். இங்கே நான் ஆடுவது எக்கெபெர்க்கிலும் முசெலுண்டனிலும். ஒஸ்லோவில் என் பையில் எப்போதும் இருக்கும் மென்மையான பட்டர், இங்கத்தைய குளிரில் விறைத்து, பிடிப்பதற்கு அளவாக இருக்கிறது. அதே தட்டை யாழ்ப்பாணத்தில் மத்தியான வெயிலில் எடுத்தபோது, கையை விடும் கணத்தில் அது தளர்ந்து மடிந்துகொடுத்தது. பத்து மீற்றர் தூரத்திலிருந்துகூட ஒரே மாதிரி எறிய முடியவில்லை. அண்ணா மென்மையான பட்டரை விரும்புவதன் காரணம் விளங்குகிறது. ஆனாலும் ஊரின் வெப்பத்துக்கு நடுத்தரக் கடினமுள்ள வகையே போதுமான அளவு மென்மையாகிவிடும் என்பது என் அனுபவம். எந்தத் தட்டையும் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை வளைந்த தட்டு பழைய பறப்புக்குத் திரும்புவது அரிது.

நீர்நிலைகளுக்கு அருகே எறிபவர்களுக்கு ஒரு செய்தி. வழமையான தட்டுகள் பெரும்பாலும் தண்ணீரில் தாழ்ந்துவிடும். இன்னோவாவின் ஹைட்ரா என்ற பட்டரும் டிராகன் என்ற இலகுவான டிரைவரும் நீரில் மிதப்பதற்காகவே செய்யப்பட்டவை. தொண்டைமானாற்றுப் பக்கம் டிராகனை எறிந்து பார்த்தேன். காற்று அதைத் தன் விருப்பப்படி கொண்டுபோனது உண்மைதான், ஆனால் நீரில் விழுந்த பின்னரும் அதே காற்றே அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மாரியில் குளங்கள் நிரம்பியிருக்கும் நாள்களில், நீரைத் தாண்டி எறியவேண்டிய இலக்குக்கு இப்படி ஒன்றைத் தனியாக வைத்திருப்பது வீண் சுமையன்று. பனிக்காலத்தில் இங்கே தட்டின் அடியில் ஒரு நீண்ட ரிப்பன் துண்டை ஒட்டிவிடுவோம். தட்டு பனிக்குள் புதைந்தாலும் ரிப்பன் வெளியே தெரியும். மணற்காட்டு மணலில் அது உதவுமா என்று ரீச்சர் பிள்ளைகளோடு சோதித்துப் பார்த்து எழுதினால் மகிழ்வேன்.

அடுத்த பயணத்துக்குப் பெட்டியில் சிறிது இடம் ஒதுக்கியிருக்கிறேன். என்ன தட்டு, எத்தனை கிராம், என்ன நிறம் என்று எழுதுங்கள்.

தொடக்கிவைத்தவரின் பதில்

தம்பி, பட்டரைப் பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே படுகிறது. நடுத்தரக் கடினத்தில் ஆவியார் என்ற பட்டர் ஒன்று கொண்டுவாருங்கள், மத்தியானத்திலும் மாலையிலும் எறிந்து ஒப்பிட்டு இங்கேயே எழுதுகிறேன். எனக்கு 175 கிராமில் சம்பியன் ஃபயர்பேர்ட் ஒன்றும் வேண்டும். ரீச்சர் சொன்ன காரணத்துக்காகப் பிள்ளைகளுக்கு 150 கிராம் அளவில் லெப்பர்ட் இரண்டு கொண்டுவாருங்கள். எல்லாம் நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கட்டும். டெஸ்ட்ரோயர் வேண்டாம்.