புதுப்பிப்பு: மடக்குக் கத்தி வாங்கியாகிவிட்டது

குறைந்த செலவில் நல்ல மடக்குக் கத்தி எது என்று முன்பு கேட்டிருந்தேன். பழம் நறுக்க, கயிறு அறுக்க, பொட்டலம் பிரிக்க, அவ்வளவுதான் தேவை. சுவிஸ் கத்தி நிறுவனமான விக்டோரிநாக்ஸா, பிரெஞ்சு நிறுவனமான ஓப்பினெல்லா என்று பதில்கள் இரு கட்சியாகப் பிரிந்தன. கடைசியில் ஓப்பினெல் 8-ஆம் எண் கத்தியை வாங்கினேன்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த கத்தி. சுருள்வில் கிடையாது, பையில் மாட்டும் கிளிப் கிடையாது. கொடுக்கும் காசு வெட்டும் அலகுக்குத்தான் போகிறது. 8.5 செ.மீ. நீள அலகு, மெல்லிய விளிம்பு. தக்காளித் தோலில் அழுத்தாமலே இறங்குகிறது. திறந்தபின் கழுத்திலுள்ள உலோக வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955-இல் சேர்த்த ஏற்பாடு அது. திருக மறந்தால் விரலுக்கு நான் பொறுப்பல்ல.

கார்பன் எஃகுதான் வாங்க வேண்டும் என்று சிலர் ஒற்றைக்காலில் நின்றீர்கள். சாணைக்கல்லில் அதற்குச் சீக்கிரம் கூர் ஏறும், உண்மை. ஆனால் எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும். உப்புக்காற்று வீசும் ஊரில் அந்தப் பணிவிடை எனக்குக் கட்டுப்படியாகாது. துருப்பிடிக்காத எஃகையே எடுத்தேன்.

குறையும் உண்டு. பீச் (beech) மரக் கைப்பிடி ஈரம் குடித்தால் உப்பிவிடுகிறது. மழைநாளில் நகம் பிய்யும் அளவுக்கு அலகு இறுகிக்கொள்கிறது. கைப்பிடியின் பின்முனையை ஒரு கட்டையில் தட்டினால் அலகு மெல்ல எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய வைத்தியம். ஆளிவிதை எண்ணெய் தடவிக் காயவைத்தபின் இறுக்கம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஒற்றைக் கையால் திறக்க விரும்புபவர்களுக்கு இது சரிப்படாது.