தகரக்கூரை வீட்டில் கார் மொடல் கிற் பெட்டிகளை எப்படிப் பழுதாகாமல் வைப்பது?

முரசுமோட்டையான்:

வணக்கம் உறவுகளே. கனடாவில் இருக்கும் அண்ணா, ஊருக்கு வருகிறவர்களின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்ட பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கார் கிற் பெட்டிகள் சேர்ந்து இப்போது அலுமாரியின் மேல்தட்டு நிறைந்துவிட்டது. அநேகமானவை ஏஎம்ரியும் ரெவெலும் போட்ட 1/25 அளவு, அதாவது உண்மையான காரின் நீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கான, அமெரிக்கக் கார்கள். தமியாவின் 1/24 பீற்றில் ஒன்றும், ஏர்ஃபிக்ஸின் 1/32 மொறிஸ் மைனர் ஒன்றும் இருக்கின்றன. எங்களுடையது தகரக்கூரை, சீலிங் இல்லை. கோடையில் மத்தியானம் மேல்தட்டில் கை வைத்தால் இரும்பு சுடும்.

போன கிழமை பழைய இம்பாலா பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தேன். றப்பர் மாதிரி இருக்கும் அந்தக் கறுப்பு ரயர்கள் கண்ணாடிப் பாகத்தின் மேல் கிடந்த இடத்தில் ரயரின் வரிகள் அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தன. தொட்டால் பிசுபிசுக்கிறது. தண்ணீரில் நனைத்துக் காரில் ஒட்டும் படங்கள் உள்ள டெக்கால் தாளும் மஞ்சளடித்துவிட்டது. இது வெயிலின் வேலையா, இல்லை வேறு ஏதாவதா? மற்றப் பெட்டிகளை எங்கே, எப்படி வைக்கலாம்? பூச்சி வராமல் இருக்க அம்மா அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போடுகிறா, அதனால் ஏதும் பிரச்சினை வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குருமன்காடு:

தம்பி, முதலில் அந்தப் பூச்சி உருண்டையை இன்றைக்கே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கிற்களின் பிளாஸ்டிக் பொலிஸ்ரைரீன். பூச்சி உருண்டையில் இருக்கும் நப்தலீனின் ஆவி அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கும், மூடிய அலுமாரிக்குள் அந்த ஆவி போக இடமும் இல்லை. பூச்சிக்குப் பயமென்றால் நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து, பெட்டிக்குள் வைக்காமல் தட்டின் மூலையில் வையுங்கள்.

ரயர் விசயத்துக்கு வருவோம். அது வெயில் மட்டும் செய்த வேலை இல்லை. பழைய கிற்களின் ரயர் றப்பர் இல்லை, மெதுவான வைனில். அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். குளிர் நாட்டுப் பெட்டியிலும் இது நடக்கும், எங்கள் வெக்கையில் இன்னும் கெதியாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து ரயர்களை எடுத்துத் தனிச் சிறு பையில் போட்டு, அந்தப் பை உடலையோ கண்ணாடியையோ தொடாதபடி ஒரு மட்டைத் துண்டைக் குறுக்கே வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம். நல்ல றப்பர் மாதிரித் தெரியும் ரயரென்றாலும் பிரித்தே வையுங்கள், வெளியே பார்த்து எது எதுவென்று சொல்ல ஏலாது.

கட்டி முடித்த காரிலும் இதே சிக்கல் உண்டு. வைனில் ரயர் மாட்டிய பிளாஸ்டிக் சில்லு சில வருடத்தில் உள்ளே இளகி, கார் ஒரு பக்கம் சரியத் தொடங்கும். மாட்டுவதற்கு முன் சில்லின் விளிம்பில் ஒரு சுற்று மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தொடாது.

பதிந்த கண்ணாடியை வீசிவிட வேண்டாம். தழும்பு ஆழமில்லை என்றால் 2000 ஆம் நம்பர் மண்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பிறகு பற்பசையால் பருத்தித் துணியில் மினுக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வைக்கும் இடம் என்று கேட்டால் மேல்தட்டு வேண்டவே வேண்டாம். தகரத்தின் சூடு மேலேதான் நிற்கும். நிலத்திலும் வைக்காதீர்கள், கறையான் மட்டைப் பெட்டியைக் கண்டால் விடாது. மேற்குச் சுவரோடு ஒட்டாத உள்ளறையில், இடுப்பளவு உயரத் தட்டு நல்லது. பெட்டிகளைச் செங்குத்தாக அடுக்காமல் படுக்க வைத்து, பாரமானவற்றைக் கீழே போடுங்கள். வெக்கையில் பாரமும் சேர்ந்தால் காரின் உடல் கோணும்.

தண்ணீரூற்று:

குருமன்காடு அண்ணை சொன்னது எல்லாம் சரி, மாரியைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் இருக்கும் கடதாசி எல்லாம் ஈரம் குடித்துவிடும். டெக்கால் தாளின் பசை தண்ணீரில் இளகும் பசைதான், ஆகவே அந்த ஈரம் அதற்குக் காணும். தாளைப் பெட்டியில் இருந்து எடுத்து, இரண்டு மட்டைக்கு நடுவில் மட்டமாக வைத்துச் சிப் பையில் போட்டுக் காற்றை அமத்தி மூடுங்கள், கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வருகிறவற்றைச் சேர்த்து வைத்தாலே போதும். நீல மணிகள் உள்ள வகை ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், சூடு காட்டினால் திரும்ப நீலமாகும். ஆனால் அந்த நீலத்தில் கோபால்ற் சேர்ந்திருக்கிறது, சமையல் சட்டியில் போட்டு வறுக்க வேண்டாம். ஈரத்துக்கென்று அரிசியை முடிந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வண்டு பிடிக்கும், தூளும் கொட்டும், அதையும் செய்யாதீர்கள்.

மஞ்சளடித்த தாளை மீட்கலாம். பையோடு சேர்த்து யன்னல் கண்ணாடியில், படம் வெளிப்பக்கம் பார்க்க ஒட்டி விடுங்கள். மஞ்சள் வெயிலில் தானாக வெளுக்கும். வெளிநாட்டுக்காரர் கிழமைக்கணக்கில் விடச் சொல்லுவார்கள், எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் அவ்வளவு வேண்டாம், தினமும் பாருங்கள், கூட விட்டால் சிவப்பும் வெளிறும். பிறகு தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது துண்டு துண்டாக உடைந்தால் முழுத்தாளுக்கும் மேலே கிளியர் லக்கர் மெல்லியதாக அடித்துக் காயவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் விளிம்போடு ஒட்ட வெட்டிப் பயன்படுத்தலாம்.

பெட்டிகட்டி:

நான் ஒன்று சொல்கிறேன், திறக்காத பெட்டியைத் திறக்காமல் வைப்பதுதான் நல்லது. பொலித்தீன் உறை பிரிக்காத பழைய கிற்றுக்குச் சேகரிப்பவர்களிடம் உள்ள மதிப்பே வேறு. பின்னாளில் விற்க நேர்ந்தால் வித்தியாசம் தெரியும்.

மல்லாவி மாஸ்டர்:

பெட்டிகட்டி தம்பி, விற்பதற்கு வைத்திருப்பவர் அப்படிச் செய்யட்டும். ஆனால் உறை பிரிக்காத பெட்டிக்குள்ளும் ரயர் கண்ணாடியின் மேல்தான் கிடக்கும், உறை அதைத் தடுக்காது. வாங்குகிறவர் திறக்கும் நாளில்தான் தெரியவரும். அதோடு எங்கள் இடத்தில் பொருளைப் பத்திரமாக வைப்பது என்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009 இல் யுத்தம் முடிவதற்கு முன் வன்னியில் வீட்டில் வைத்திருந்த பொருள் எதுவும் இன்று கையில் உள்ளவர் எத்தனை பேர்? அண்ணன் ஆசைப்பட்டு அனுப்பியதை ஆசையோடு கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் பக்கம்.

அந்த மொறிஸ் மைனரை முதலில் எடுங்கள். 1948 இல் வந்த கார், அலெக் இசிகோனிஸ் வரைந்தது, பிறகு மினியை வரைந்தவரும் அவரேதான். 1/32 என்பதால் கட்டி முடித்தால் 12 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளங்கையில் அடங்கும். அமெரிக்கக் கார்களை விட எங்களுக்கு இதில் செய்ய நிறைய இருக்கிறது, ஏனென்றால் இது நாங்கள் ஏறி ஓடிய கார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில், 2002 இல் ஏ9 வீதி திறக்கும்வரை, எங்கள் பக்கத்தில் மொறிசும் ஏ40 ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடியதை இளையவர்கள் கேட்டிருப்பீர்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலைக் காபுறேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் மண்ணெண்ணெய் மணம். இதை எந்தக் கொம்பனியும் பெட்டியில் போட்டுத் தராது, நீங்கள்தான் செய்யவேண்டும். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தை எறியாமல் வையுங்கள். ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடரின் மேல், சுடரில் படாமல் உருட்டி, மினுங்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் அளவுக்கு நூலாக வரும். பெற்றோல் குழாய்க்கு அதுவே போதும். தெளிந்த பிளாஸ்டிக் சட்டத்தின் தடித்த முனையை வெட்டினால் போத்தல். கூரைக்கு மேலே ஒரு கரியர் கட்டி, இரண்டு சாக்கு மூட்டையும் ஒரு சைக்கிளும் ஏற்றுங்கள், பார்க்கிறவர் எந்த ஊர்க் கார் என்று கேட்கவே மாட்டார்.

முரசுமோட்டையான்:

மாஸ்டர், மிக்க நன்றி. அப்பாவிடம் கேட்டேன், அந்தப் போத்தலை சேலைன் குழாயோடு தொங்கவிட்டவர்களும் இருந்தார்கள் என்று சொல்கிறார், மொறிசையே முதலில் கட்டுகிறேன். ரயர்களை எல்லாம் பிரித்துவிட்டேன், பூச்சி உருண்டையும் போய்விட்டது. இனிப் பெயின்ற் பிரச்சினை. விமானத்தில் பெயின்றும் பசையும் ஏற்ற விடமாட்டார்களாம், அண்ணா அனுப்ப ஏலாது என்கிறார். இங்கே கார் பெயின்ற் கடையில் வாங்கும் லக்கரைப் பாவிக்கலாமா?

குருமன்காடு:

பாவிக்கலாம், நான் கார்களின் உடல் திருத்தும் ரிங்கர் வேலை செய்கிறவன், அதே லக்கரைத்தான் மொடலுக்கும் அடிக்கிறேன். ஆனால் அதன் தின்னர் வெறும் பொலிஸ்ரைரீனைத் தின்னும். முதலில் உடலைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் கழுவி, கை படாமல் காயவிடுங்கள், அச்சில் இருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய் அதில் இருக்கும். பிறகு பெயின்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைத் தூரத்தில் இருந்து மிக மெல்லியதாக, பிளாஸ்டிக் இன்னும் தெரியும் அளவுக்கு ஒரு தூவல். அது காய்ந்த பின் இன்னொன்று. ஈரமாக ஒரேயடியாய் அடித்தால் மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும், கதவின் கோடுகள் போய்விடும். உடலில் அடிக்கும் முன் அந்தச் சட்டத்துத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

மாரியில் லக்கர் அடிக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பெயின்ற் பால் படிந்ததுபோல் வெளிறிவிடும். கோடையில் காலை பத்து மணியளவில், சோளகக் காற்றுப் புழுதியைக் கிளப்புவதற்கு முன் அடித்து முடித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். வெளியிலோ காற்றோட்டமான விறாந்தையிலோ, முகமூடி போட்டுக்கொண்டு.

கண்ணாடிகளுக்கு மட்டும் சுப்பர் குளூ கிட்டவும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். வெள்ளைப் பைண்டர் பசை போதும், காய்ந்தால் தெளிந்துவிடும். குரோம் பூசிய பம்பரை ஒட்டும் இடத்தில் மட்டும் பிளேட் நுனியால் குரோமைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், கடையில் மிச்சம் இருந்தால் மாங்குளம் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.

முரசுமோட்டையான்:

அண்ணை, அப்பா சொல்கிறபடி கறுப்பு. கரியருக்கு ரின்பால் பேணியின் தகரத்தை வெட்டிப் பார்க்கிறேன், கட்டியதும் படம் போடுகிறேன்.