மறு: சுஜாதா சிலை நிதி – சிலை வேண்டாம், ஒரு மேசை போடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் மடலையும் அதன் கீழே வந்த பதில்களையும் படித்தேன். நம் ஸ்ரீரங்கம் வாசகசாலை வாசலில் எழுத்தாளர் சுஜாதாவுக்கு மார்பளவு வெண்கலச் சிலை, வெளிநாட்டில் இருப்பவர்கள் தலைக்கு நூறு டாலர். கிட்டு அண்ணா முதல் ஆளாக இருநூறு என்று எழுதிவிட்டார். அவர் மனசு எல்லாருக்கும் தெரியும். என் தங்கை கல்யாணத்தின்போது அவர் செய்ததை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.

முதலில் நோட்டீஸைத் திருத்துங்கள். 'பெல்லில் பணியாற்றியவர்' என்று எழுதி, பக்கத்தில் திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலைப் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அது பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ், வேறு 'பெல்'. அவர் வேலை பார்த்தது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில். அதற்கு முன்னால் சிவில் ஏவியேஷன். ஊரிலிருந்து போகிற காகிதத்திலேயே இப்படி இருந்தால் வெளியார் என்ன நினைப்பார்கள்? 'வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தனி ஆளாகக் கண்டுபிடித்தவர்' என்ற வரியும் வேண்டாம். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அது உருவானபோது வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்த்தவர் அவர். ஐதராபாத்தில் இருக்கிற இன்னொரு அரசு நிறுவனமான ஈ.சி.ஐ.எல்லும் அதே வேலையில் இருந்தது. உள்ளதைச் சொன்னாலே அவர் பெருமைக்குத் தாராளமாகப் போதும்.

அந்த இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லாத கிராமத்திலும் ஓட வேண்டும், அதனால் பேட்டரி. அதிகாரி தன் பெட்டியில் பொத்தானை அமுக்கினால்தான் மறைப்புக்குப் பின்னால் இருக்கிற பெட்டி ஒரே ஒரு ஓட்டை வாங்கும். ஓட்டு விழுந்ததும் நீளமாக ஒரு 'பீப்'. அப்புறம் அதிகாரி மறுபடி தன் பொத்தானை அமுக்கும் வரை யார் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. அன்றைய இயந்திரத்தில் ஒரு பெட்டியில் 16 வேட்பாளர்கள், நாலு பெட்டியைக் கோத்தால் 64. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சின்னத்தைப் பார்த்து அமுக்கிவிட்டுப் போகலாம். கேரளத்தில் பரவூர் தொகுதியில் 1982-இல் ஐம்பது சாவடிகளில் வைத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுக்க வந்தது. இப்படி ஒரு கருவியைப் பொறுமையாக உருவாக்கிய ஆட்களில் ஒருவர், அதே காலத்தில் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

கதை மட்டுமா? சிலிக்கன் சில்லு எப்படி வேலை செய்கிறது, கம்ப்யூட்டருக்கு எப்படிக் கணக்குத் தெரிகிறது என்று தமிழில் உட்கார்ந்து எழுதினார். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' வந்த காலத்தில், எந்தக் கேள்வியையும் அவர் அற்பம் என்று தள்ளியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழைய மர்பி ரேடியோ இருந்தது. அவரைப் படித்த சூட்டில் அதன் பின்பக்க அட்டையைக் கழற்றினேன். உள்ளே தூசிக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர், மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிற சின்ன உருளை. மேலே பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டை. பழுப்பு ஒன்று, கறுப்பு சைபர், சிவப்பு இன்னும் இரண்டு சைபர்: ஆயிரம் ஓம். அந்த மூன்று நிறமும் சேர்ந்து ஒரு எண் என்று புரிந்தபோது இருந்த சந்தோஷம் பரீட்சையில் கிடைத்ததே இல்லை. பாங்க் பரீட்சை எழுதச் சொன்ன அப்பாவிடம் எலெக்ட்ரானிக்ஸ்தான் படிப்பேன் என்று நின்றதற்கு அதுதான் காரணம். 1993-இல் அறிவியலை ஊடகம் வழியாகப் பரப்பியதற்கு மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு விருது கொடுத்தது. என்னைப் போன்ற பையன்கள் அதற்கு முன்பே கொடுத்துவிட்டோம்.

இப்போது வைஜயந்தி அத்தை எழுதியதற்கு வருகிறேன். போன மாதம் ஊருக்குப் போனவர், நாம் பணம் சேர்த்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக்கொடுத்த ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது என்று எழுதினார். அதற்கு 'அத்தைக்கு எதிலும் குறைதான்' என்று பதில் போட்டது சரியில்லை. அவர் பொய் சொல்லவில்லை. படமும் அனுப்பியிருக்கிறார்.

கணக்கு கேட்ட சியாட்டில் தம்பி மேல் எல்லாரும் பாய்ந்திருக்கிறீர்கள். அவர் கேட்டது நியாயம். அந்த ஆசிலாஸ்கோப்புக்கு வசூலானது எவ்வளவு, கடை ரசீது எங்கே, மீதி எந்தக் கணக்கில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் புது வசூல் கூடாது. பொருளாளர் மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. நாணயத்தைச் சந்தேகித்து யாரும் கேட்கவில்லை.

'சுஜாதா திருவல்லிக்கேணியில் பிறந்தவர், நம் ஊர்க்காரர் எப்படி' என்ற சண்டை தேவையே இல்லை. 1935-இல் அங்கே பிறந்தார், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார், திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் படித்தார், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். நம் வீதிகளையும் திண்ணைகளையும் அவர் கதைகளில் படித்துத்தான் வெளியூர்க்காரர்கள் நம்மிடம் விசாரிக்கிறார்கள். இதைவிட என்ன உரிமைப் பத்திரம் வேண்டும்? 2008 பிப்ரவரி 27 அன்று அவர் போன செய்தி வந்தபோது, ஊரை விட்டு வந்து பல வருஷம் ஆன எனக்கு வீட்டில் துக்கம் விழுந்தது போல் இருந்தது.

அதனால்தான் சிலைக்குத் தர மனசு வரவில்லை. வாசகசாலையின் பின் அறையைச் சுத்தம் பண்ணி நீளமாக ஒரு மேசை போடுவோம். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பற்றவைக்காமல் செருகிப் பார்க்க பிரெட்போர்டு, ஐந்து வோல்ட் சப்ளை, பிரித்துப் பார்க்கப் பழைய ரேடியோக்கள், அலமாரியில் அவருடைய அறிவியல் புத்தகங்கள். அந்த ஆசிலாஸ்கோப்பையும் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி இங்கே வைக்கலாம். பொன்மலை ஒர்க்ஷாப்பிலும் திருவெறும்பூரிலும் ரிட்டையர் ஆன நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்பார்களா? பிள்ளைகள் எதையாவது சுட்டுப் பாழாக்கட்டும், பரவாயில்லை. பெண் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். போன தடவை மாதிரி 'பையன்களுக்கு' என்று போர்டு எழுதாதீர்கள்.

கிட்டு அண்ணா, உங்கள் இருநூறை இதற்குத் தருவீர்களா? சியாட்டில் தம்பி கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், மாதா மாதம் இந்தக் குழுவில் போடட்டும். அத்தை மார்கழியில் திரும்பப் போகிறார், சாமான் வந்து சேர்ந்ததா என்று நேரில் பார்த்துச் சொல்வார். பழைய கணக்கு வந்த மறுநாள் என் பங்கு முந்நூறு டாலர் அனுப்பிவிடுகிறேன்.