மறு: ‘மாற்று எரிபொருள்’ பள்ளிப் பேருந்து: மின்சாரத்துக்கும் அதே சொல்லா?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில ‘alternative fuel’ என்பதற்கு எழுதும் ‘மாற்று எரிபொருள்’ மின்சாரத்தில் ஓடும் பள்ளிப் பேருந்துக்கும் பொருந்துமா என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘மாற்று எரிபொருள்’ ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். அதைப் போய் ஏன் கிளற வேண்டும்?

ஐயா, கிளறும் எண்ணம் எனக்கும் இல்லை. போன மாதம் இங்கே அமெரிக்காவில் எங்கள் பள்ளி மாவட்டம் பெற்றோருக்கு அனுப்பிய அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. கூட்டரசின் பண உதவியோடு பழைய டீசல் பேருந்துகளை மாற்றப் போகிறார்கள், அதுதான் செய்தி. நானும் யோசிக்காமல் ‘மாற்று எரிபொருள் பேருந்துகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேரனைக் காலையில் பேருந்து ஏற்றிவிட வரும் ஒரு அம்மா, தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, பாட்டரி வண்டின்னு சொன்னாங்க, இதுல எரிபொருள்னு போட்டிருக்கே, உள்ள என்ன எரியும்?” என்று கேட்டார். பாட்டரி தீப்பிடிக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டு ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறார், அதன் மேல் நான் ‘எரி’ என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குழப்பம் தமிழில் தொடங்கவில்லை என்பதும் உண்மை. 1992-ஆம் ஆண்டின் அமெரிக்க எரிசக்திக் கொள்கைச் சட்டம் ‘alternative fuel’ என்ற வகையின் கீழ் இயற்கை எரிவாயு, புரொப்பேன், எத்தனால், மெத்தனால், ஹைட்ரஜன், முழுப் பயோடீசல் என்று அடுக்கி, அதே வரிசையில் மின்சாரத்தையும் வைத்தது. ஆங்கிலச் சொல்லில் ‘எரிதல்’ வெளிப்படையாகத் தெரிவதில்லை, அதனால் அங்கே இடிக்கவில்லை. நம் சொல்லோ வினைத்தொகை. எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள், மூன்று காலத்திலும் எரிந்தே ஆக வேண்டும்.

> எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று மண்ணெண்ணெய் என்கிறோம், அதில் எள் எங்கே இருக்கிறது? சொல் விரியட்டுமே.

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். எண்ணெயை விரித்தது மக்களின் நாக்கு. வழவழவென்று ஒழுகுவதெல்லாம் ஒரு சாதி என்று அவர்களே பார்த்து அவர்களே வைத்த பெயர் அது. மின்சாரத்தை எரிபொருள் என்று அப்படி யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? டீசல் போடுகிறோம், கேஸ் நிரப்புகிறோம், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறோம். பேச்சு இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது, சட்டத்தின் மொழிபெயர்ப்பு மட்டும் ஒன்றாகக் கட்டுகிறது.

கட்டினால் என்ன நட்டம் என்றால், பணக் கணக்கைப் பாருங்கள். 2021-இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் தூய பள்ளிப் பேருந்துத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதி, புகையே விடாத வண்டிகளுக்கு மட்டும். மற்ற பாதியில்தான் புரொப்பேனும் எரிவாயுவும் சேர்ந்து நிற்கலாம். அத்திட்டத்தின் 2022 சுற்றில், முன்னுரிமை பெற்ற பள்ளி மாவட்டம் ஒரு பெரிய மின் பேருந்துக்கு 3,75,000 டாலர் வரை வாங்க முடிந்தது, அழுத்த இயற்கை எரிவாயு வண்டிக்கு 45,000, புரொப்பேன் வண்டிக்கு 30,000. பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அந்தச் சுற்றில் 389 மாவட்டங்களுக்குப் போன 2,400-க்கும் மேற்பட்ட பேருந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மின் பேருந்துகள். அதாவது ‘எரிபொருள்’ என்று நாம் எழுதுகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் எரியப் போவதில்லை.

சரி, மாற்றுச் சொல். நம் குழுவில் வந்த பரிந்துரைகளில் ‘மாற்று ஆற்றல்’ வேண்டாம், சூரிய ஒளி, காற்றாலை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், பேருந்துக்கு ஏறும் மின்சாரமோ நிலக்கரியிலிருந்தும் வந்திருக்கலாம். ‘இயக்காற்றல்’ இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘மாற்றியக்கப் பேருந்து’ அழகாக இருந்தாலும், ஒரு வண்டி பழுதாகி வேறு வண்டி விட்டதைப் போல ஒலிக்கிறது.

என் பரிந்துரை மாற்றூட்டம். மாற்றூட்டப் பேருந்து. வண்டிக்குள் ஊட்டுவது எதுவானாலும் ஊட்டம், அது திரவமோ வளியோ மின்சாரமோ. மின்னூட்டம் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியதால் காதுக்கும் புதிதில்லை. நிரப்பும் இடத்தையும் சார்ஜ் ஏற்றும் இடத்தையும் ‘ஊட்டு நிலையம்’ என்று ஒரே பெயரில் சொல்லலாம். பள்ளி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஊட்டம் வந்தால் சத்துணவு நினைவுக்கு வராதா என்று தோழி ஒருவர் தனிமடலில் கேட்டார். வரும்தான். ஆனால் ‘பேருந்து’ என்று சேர்த்துச் சொன்னதும் விலகிவிடும், ‘எரி’ என்பதால் வருகிற பயம் அப்படி விலகுவதில்லை. எரிகின்றவற்றுக்கு எரிபொருள் அப்படியே இருக்கட்டும், புரொப்பேனை நான் தொடவே இல்லை.

பேருந்து வாங்க அரசு தரும் பணத்தை ‘மானியம்’ என்று எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. உர மானியம், கேஸ் மானியம் என்று ஆண்டுதோறும் விலையைத் தாங்கிப் பிடிக்கும் பணத்துக்கு அது ஊன்றிவிட்டது. இங்கே ஒரே முறை கொடுக்கும் தொகை, அதற்கு நல்கை பொருந்தும். அதிலும் இரண்டு வழி. விண்ணப்பத்தை எழுதி, மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பது ஒன்று, இதைப் போட்டி நல்கை என்போம். இன்னொன்றில் குலுக்கலில் பெயர் வந்த பிறகு, பேருந்துக்குக் கொள்முதல் ஆணை போட்டு, அதைக் காட்டிப் பணம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் rebate எனப்படும் இதைத்தான் பலர் ‘தள்ளுபடி’ என்று எழுதுகிறார்கள், ஆனால் விற்பவர் எதையும் தள்ளவில்லையே. கொள்முதல் நல்கை என்றால் நடப்பதை அப்படியே சொல்கிறது. கலிபோர்னியாவில் விற்பனையாளரிடமே விலையைக் குறைக்கும் சீட்டு முறை உண்டு, அதற்கு வேண்டுமானால் தள்ளுபடிச் சீட்டு.

அப்புறம், இந்தத் திட்டத்தில் மாற்றப்படும் பழைய வண்டி. 2010 அல்லது அதற்கு முந்தைய டீசல் பேருந்தாக இருந்தால் அதை வேறு யாருக்கும் விற்க விடுவதில்லை. என்ஜின் கட்டையில் மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் துளை போட்டு, அடிச்சட்டத்தின் இரண்டு பக்க உத்திரங்களையும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் அறுத்துவிட வேண்டும், படம் எடுத்தும் அனுப்ப வேண்டும். இதற்கு ‘அகற்றுதல்’ என்று வந்திருந்த பரிந்துரை போதாது, அகற்றிய வண்டி அடுத்த ஊரில் ஓடலாம். இனி ஓடாது என்று வண்டியைக் கழித்துவிடுவதைப் பணிமனையில் ‘கண்டம் செய்தல்’ என்று சொல்வார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாமா? கண்டம் என்றால் துண்டு என்ற பொருளும் இருக்கிறது, இங்கே உண்மையிலேயே துண்டாக்குகிறார்கள்.

திருத்திய அறிவிப்பை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மாற்றூட்டத்துக்கு எதிர்ப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள். பெற்றோருக்குப் போகும் தாளில் மட்டும், எந்தச் சொல் நிலைத்தாலும், முதல் வரியில் ‘மின் பேருந்து’ என்றே போடப் போகிறேன், அந்த அம்மா அதைத்தான் கேட்டார்.