சுண்டெலி ஹெச்எஸ்பி70: டிஎன்எஃப் ஏறுவது புரதத்தாலா, எண்டோடாக்சினாலா?

கேள்வி
இ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த சுண்டெலி ஹெச்எஸ்பி70 (வெப்ப அதிர்ச்சிப் புரதம்), ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் வால்) உள்ளது, பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக்கரைசல்) பஃபரில் 50 மைக்ரோகிராம். லேபிளில் எண்டோடாக்சின் (பாக்டீரிய உறையின் நச்சு, அதாவது எல்பிஎஸ்) "மைக்ரோகிராமுக்கு 1 இயூவுக்குக் கீழ்" (இயூ: எண்டோடாக்சின் அலகு). ரா 264.7 செல்களில் (சுண்டெலி மேக்ரோபேஜ் வகை) மிலிக்கு 10 மைக்ரோகிராம் போட்டால் 6 மணி நேரத்தில் டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியைத் தூண்டும் புரதம்) எகிறுகிறது. 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய மாதிரியும் ஏறக்குறைய அதே அளவு தருகிறது. புரதம் ஏடிபியை உடைக்கிறதா என்று பார்க்கும் மாலகைட் கிரீன் ஏடிபேஸ் சோதனையிலோ, ஏடிபி சேர்க்காத குழியே கரும்பச்சை. புரதம் கெட்டதா?

மறுமொழி 1
சூடாக்கியும் வேலை செய்கிறதென்றால் ஹெச்எஸ்பி70-ஐச் சந்தேகிக்காதீர்கள். அந்தச் சூட்டில் புரதம் திரண்டுவிடும், எல்பிஎஸ் பெரும்பாலும் தாங்கிவிடும். லேபிளை வைத்தே கணக்குப் போடலாம்: 1 இயூ என்பது சுமார் 0.1 நானோகிராம் எல்பிஎஸ். உங்கள் குழியில் 10 இயூ வரை, அதாவது மிலிக்கு 1 நானோகிராம் இருக்கலாம். ரா செல்களுக்கு அது தாராளம். மனித ஹெச்எஸ்பி70-இலும் இதே கதைதான். எல்பிஎஸ்ஸை நீக்கியதும் டிஎன்எஃப் தூண்டல் போய்விடுவதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது.

எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி-யை உங்கள் புரதத்தோடு மிலிக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்து ஒரு குழி, 1 நானோகிராம் எல்பிஎஸ் மட்டும் ஒன்று, அதோடு பாலிமிக்சின் சேர்த்து ஒன்று, வெறும் பஃபர் ஒன்று வையுங்கள்.

மறுமொழி 2
பாலிமிக்சினில் டிஎன்எஃப் பாதிதான் இறங்கினால் பாக்டீரிய லிப்போபுரதத்தைத் தேடுங்கள். பாலிமிக்சின் அதைப் பிடிக்காது. லிப்போபுரதம் சூட்டையும் தாங்கும், செல்லின் டிஎல்ஆர்2 ஏற்பி வழியாக வேலை செய்யும்.

சுத்தம் செய்ய, புரதம் நிக்கல் பத்தியில் ஒட்டியிருக்கும்போதே 4 டிகிரியில் 0.1% டிரைட்டன் எக்ஸ்-114 (டிடர்ஜென்ட்) கலந்த பஃபரைப் பத்தியின் கொள்ளளவைப் போல 50 மடங்கு ஓட்டி, பிறகு டிரைட்டன் இல்லாமல் 20 மடங்கு. மிஞ்சிய டிரைட்டன் செல்களைக் கொல்லும், அதனால் பின்கழுவலைக் குறைக்காதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்துக்கு ஆட்டோகிளேவ் போதாது. 250 டிகிரி உலர்சூடு, 30 நிமிடம். ஆனால் 50 மைக்ரோகிராமை வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம், பத்தியிலேயே தீர்ந்துவிடும். எல்பிஎஸ் மாற்றியமைத்த இ. கோலை வகையில் தயாரித்ததை வாங்குவதே மேல்.

இ. கோலையின் சொந்த ஹெச்எஸ்பி70-ஆன டிஎன்ஏகே கூடவே வரும். ஜெல்லில் இரண்டும் 70 கேடிஏ பக்கம் ஒன்றாக நிற்கும், ஏடிபி-அகரோஸும் பிரிக்காது. டிஎன்ஏகே-க்கு எதிரான ஆன்டிபாடியால் வெஸ்டர்ன் பிளாட் செய்தால் தெரியும்.

மறுமொழி 3
கரும்பச்சைக்குக் காரணம் பிபிஎஸ். மாலகைட் கிரீன் அளப்பதே பாஸ்பேட்டைத்தான்! டீசால்ட்டிங் பத்தியில் 25 மில்லிமோலார் ஹெப்பீஸ்-கேஓஹெச் (பிஹெச் 7.5), 100 மில்லிமோலார் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு), 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் டிடிடி என மாற்றுங்கள். கேசிஎல்லுக்குப் பதில் சோடியம் குளோரைடு போட்டால் ஏடிபேஸ் படுத்துவிடும், இதற்குப் பொட்டாசியம் வேண்டும். ஹெச்எஸ்பி70 தனியாக மிக மெதுவாகவே ஏடிபியை உடைக்கும். 1 மைக்ரோமோலார் புரதம், 1 மில்லிமோலார் ஏடிபி, 37 டிகிரியில் ஒரு மணி நேரமாவது, கூடவே துணைப்புரதமான ஹெச்எஸ்பி40 இருந்தால் வேறுபாடு தெளிவாகும். மாலகைட்டின் அமிலத்தில் ஏடிபி தானாகவும் உடையும். சிட்ரேட் சேர்த்து உடனே அளந்து, புரதமில்லாத குழியைக் கழியுங்கள்.