பெயரை நம்பி வாங்கிய கிரைண்டர்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பாம்பன் கரையில் நாட்டுப்படகுகளைப் பழுதுபார்க்கும் தச்சுத் தொழில் செய்கிறேன். 2006-இல் என் தந்தை வாங்கிய 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் (தேய்க்கவும் அறுக்கவும் பயன்படும் கைக்கருவி), கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்றியதைத் தவிர வேறு செலவே வைக்காமல் பதினாறு ஆண்டுகள் உழைத்தது. அதே நிறுவனத்தின் அதே அளவு இயந்திரத்தைச் சென்ற ஆண்டு வாங்கினேன். ஏழாம் மாதமே ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பாகம்) கருகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, பழையதில் உலோகமாக இருந்த பேரிங் இருக்கை இதில் பிளாஸ்டிக்காக இருந்தது. சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. உப்புக்காற்றும் ஃபைபர் தூளும் காயிலை அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழையதும் இதே கரையில்தான் ஓடியது.

பெயர் மாறாமல் உரிமையாளர் மட்டும் மாறுவதும் இத்துறையில் நடக்கிறது. ஸ்கில் என்னும் பழைய அமெரிக்க மின்கருவிப் பெயர் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்திடமிருந்து 2017-இல் சீனாவின் செர்வான் நிறுவனத்திடம் சென்றது. எனவே பெயரை மட்டும் பார்த்து இன்னொரு முறை பணத்தைப் போட மனம் வரவில்லை.

கடலோரத்தில் மூன்று ஆண்டுகளாவது தாங்கிய மாடலை, சொந்தமாகப் பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ அசல் ஆர்மேச்சர் விற்கும் கடை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தந்தையின் கிரைண்டரை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்; அதற்கு ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுதல்) செய்தால் மீண்டும் முழு வேலைக்கு நிற்குமா?